கோலத்தின் மேல் போன வண்டி

புங்கந்தழை உரசிப்போன தரையில், துடைப்பத்தால் இழுத்ததுபோல மெல்லிய கோடுகள் விழும். கல்யாணமாகி நான் திருவண்ணாமலைக்கு வந்த முதல் பொங்கலன்று, அந்தக் கோடுகள் எங்கள் தெரு நெடுக வெள்ளை வெள்ளையாக இழுபட்டிருந்தன. எல்லாம் என் வீட்டுக்காரர் வேலை.

அவருக்கு அப்போது மரம் வெட்டுகிற தொழில். சொந்தமாக ஒரு கைவண்டி உண்டு. மலைப்பக்கத்திலிருந்து எங்கள் தெரு சரிவாக இறங்கும். பாரம் ஏற்றிய வண்டி ஆளையே தள்ளிக்கொண்டு ஓடிவிடும். அதனால் கிளைகளின் அடிக்கட்டையை முன்னால் வைத்து, தழைப்பக்கம் பின்னால் தரையில் இழுபடும்படி கட்டுவார். "தழ தரையில உரசுனாத்தான் வண்டி நம்ம பேச்சக் கேக்கும்" என்பார். நீங்கள் என் பேச்சைக் கேட்க எதை உரசவேண்டும் என்று கிண்டல் செய்வேன்.

போகியன்று மாலை, தெருவின் மேல்முனைப் புங்கமரத்தில் ஒரு பெருங்கிளை மின்கம்பிமேல் சாய்ந்தது. வெட்டி இறக்குவதற்குள் இருட்டிவிட்டது. பொங்கலன்று விடிந்ததும் அள்ளிப்போவதாகப் பேச்சு. அன்று காலைதான் தெருவில் கோலப்போட்டி. புது மருமகளின் கை எப்படி என்று எல்லாரும் பார்க்கப்போகிற நாள். அவர் கிளம்பும்போதே சொல்லிவிட்டேன்: "எங் கோலத்துல உங்க வண்டி பட்டுச்சு, இன்னிக்கு வீட்ல பொங்கலே கெடையாது."

மற்றப் பெண்கள் கோலத்தை முடித்துவிட்டுக் குளிக்கப் போன நேரம். நான் மட்டும் இன்னும் குனிந்து என் கோலத்தின் ஓரத்தில் பொடி தூவிக்கொண்டிருந்தேன். மனுஷன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு, எந்தக் கோலத்தின்மேலும் ஏறாமல் இறங்கி வந்தார். பின்னால் விரிந்து கிடந்த தழையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசி வீடான எங்கள் வீடு வந்ததும்தான் என் மிரட்டல் ஞாபகம் வந்ததாம். வண்டியை நிறுத்தி, தழையை வாரிக் கயிற்றால் மேலே கட்டி, என் கோலத்தைப் பூப்போலத் தாண்டினார். பூரித்துப்போய் நிமிர்ந்தேன். தெருவில் வேறு கோலமே இல்லை.

முதல் வீட்டு அத்தை ஈரத்தலையோடு ஓடிவந்தார். "ஏம்பா, உம் பொண்டாட்டி ஜெயிக்கணும்னு எங்க கோலத்தயெல்லாம் பெருக்கிட்டியா?"

"சக்கரம் எங்கயுமே ஏறலியே, அத்த" என்றார் இவர், அப்பாவியாக.

 இனி எந்த முகத்தோடு தெருக்குழாய்க்குத் தண்ணீர் பிடிக்கப் போவேன்?

"கயித்த அவுத்து வண்டியத் திருப்புங்க" என்றேன் அவரிடம்.

"வேணாம்டி. இருட்டுலயே எழுந்து குனிஞ்சி போட்டது."

நானே கயிற்றை அவிழ்த்தேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியைப் பிடித்தேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு கூடத் தள்ளினார். என் தாமரை, கரும்பு, பொங்கல்பானை எல்லாம் தழைக்கு அடியில் போயின.

 அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். "பைத்தியக்காரி! வா, மறுபடியும் போடலாம். எங்கிட்ட செவப்புப் பொடி ஜாஸ்தியா இருக்குது."

தெருவே திரும்பக் குனிந்தது. இவர் வண்டியைத் தெருமுனையில் குறுக்கே நிறுத்தி, ஒரு சைக்கிளைக்கூட உள்ளே விடவில்லை. பரிசு அத்தைக்குத்தான் கிடைத்தது. எல்லாரையும்விடப் பலமாக நான்தான் கைதட்டினேன். அவ்வளவு சந்தோஷம்.

இப்போது அவரிடம் லோடு ஆட்டோ இருக்கிறது. ஆனாலும் பொங்கலன்று காலை அதன் பின்னால் ஒரு புங்கங்கொத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு மேல்முனையிலிருந்து இறங்கி வருவார். பெண்கள் வாசலில் காத்திருப்பார்கள். இந்த வருஷமும் எல்லார் கோலத்துக்கும் ஒதுங்கி ஒதுங்கி வந்து, என் கோலத்தின் நட்டநடுவில் ஏற்றி நிறுத்தினார்.

"இனிமே நீ ஜெயிக்கணும்னு நான் பெருக்குனேன்னு ஒருத்தியும் சொல்ல முடியாது பாரு."

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். கொத்து உரசிய இடத்தில் அதே வெள்ளைக் கோடுகள். அன்று முழுக்க நான் வாசலைப் பெருக்கவில்லை.