கிள்ளான் தங்கச்சி

பிரிக்பீல்ட்ஸ் பூக்கடை ராணியைத் தெரியாதவர்கள் அந்த வட்டாரத்தில் இல்லை. முழுப்பெயர் லூர்துராணி என்பதுதான் யாருக்கும் தெரியாது. பந்திங் தோட்டத்து மரியதாஸின் கடைசி மகள். மாதா கோயிலில் ஞானஸ்நானம் வாங்கினவள். பூக்கட்ட வந்த புதிதில், வேதக்காரி கட்டின மாலையைச் சாமிக்கு வாங்குவார்களா என்று முதலாளியம்மா பயந்து, பெயரைப் பாதியாக்கி, நெற்றியில் திருநீறும் பூசி உட்கார வைத்துவிட்டாள். முதலாளியம்மா போய்ச் சேர்ந்து, கடை ராணி கைக்கு வந்த பிறகும் திருநீறு நெற்றியை விட்டுப் போகவில்லை.

ஞாயிறு காலையில் மட்டும் கடை சாத்தியிருக்கும். கேட்டால், "கிள்ளான்ல தங்கச்சிக்கு இனிப்புநீர் வியாதி, முடியல, பாத்துட்டு வரேன்" என்பாள். மாதா கோயில் பூசைக்குப் போகிறேன் என்று சொல்ல வாய் வராது. போகிற வழியில் திருநீற்றைத் துடைத்துவிட்டு, மாதாவுக்கு வேறொருவர் கடையில் மாலை வாங்கிக்கொள்வாள். சொந்தக் கடையில் எடுத்து, எந்தக் கோயிலுக்கு என்று யாராவது கேட்டுவிட்டால்?

இந்த ஆடிப்பூரத்துக்கு, மாரியம்மன் கோயில் மாதர் சங்கத்துத் தலைவி சீதாலெட்சுமி மஞ்சள் கயிற்றோடு கடைக்கே வந்துவிட்டாள்.

"மொத பால்குடம் இந்த வாட்டி உனக்குத்தான் ராணி. கைய நீட்டு, காப்புக் கட்டிடறேன்."

நீட்டின கை பாதியில் நின்றது. வியாபாரத்துக்குத் திருநீறு பூசினது வேறு. விரதக் காப்பை வாங்கிக்கொண்டு ஆத்தாளையே ஏய்ப்பது வேறு. சொன்னால் பிழைப்பு போகும். போனால் போகட்டும் என்று கையை இழுத்துக்கொண்டாள்.

"வேணாங்க்கா. நான் வேதக்காரி."

"சும்மா வெளையாடாதலா."

"மெய்யாத்தான். ஞாயித்துக்கெழம மாதா கோயிலுக்குத்தான் போறேன்."

சீதாலெட்சுமியின் முகம் கறுத்தது. "அப்ப கிள்ளான் தங்கச்சி?"

"அப்படி ஒருத்தி இல்லக்கா."

"இனிப்புநீருக்கு நல்லதுன்னு நான் குடுத்தனுப்பின பாவக்கா ஊறுகா?"

"நாந்தான் சாப்பிட்டேன்."

"தீபாவளிச் சேலை?"

ராணி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அதே சேலை.

"அடிப்பாவி! அவ ஒடம்புக்காக ஆத்தாகிட்ட வேண்டுதல் வேற வெச்சேன்டி. இல்லாதவளுக்கு எப்படிக் கொணமாகும்?" சொல்லும்போதே சிரிப்பு முட்டிக்கொண்டு வந்து, முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இனிமே மாலைக்கு வேற எடம் பாத்துக்கறீங்களாக்கா?"

"ஏன், உன் கைக்கு என்ன வந்துச்சு? பால்குடத்துக்கு நம்ம சங்கத்து மலர்விழியக் கேட்டுக்கறேன். மாலைய நீயே கட்டு."

அதற்கப்புறம் இரண்டொருவர் வேறு கடைக்குப் போனார்கள்தான். மற்றவர்கள் வந்தார்கள்.

அடுத்து வந்த ஞாயிறு, மாதாவுக்குத் தன் கடை மல்லிகையிலேயே மாலை கட்டி எடுத்துக்கொண்டு ராணி பஸ்ஸுக்கு நின்றாள். சாலைக்கு அந்தப் பக்கமிருந்து சீதாலெட்சுமி கத்தினாள்:

"தங்கச்சிய நான் கேட்டேன்னு சொல்லு!"

"சொல்றேங்க்கா!" என்றாள் ராணி.