சாந்தகுமாரி கொடுத்த ஃபில்டர்

பெங்களூர் ஜீவனஹள்ளி வேன் ஸ்டாண்டில் எந்த டிரைவர் எந்த எண்ணெய் ஊற்றுவது என்பதை விலைதான் முடிவு செய்யும் என்று நினைப்பவர்கள் அந்தப் பக்கமே வந்திருக்க மாட்டார்கள். ஒருத்தர் ஊற்றினால் எல்லாரும் ஊற்றுவார்கள். ஒருத்தர் மூஞ்சியைச் சுளித்தால் ஸ்டாண்டே சுளிக்கும். அந்த ஒருத்தர் பல வருஷமாக இளங்கோவன்தான்.

ரிச்சர்ட்ஸ் டவுன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகும் டீசல் வேன் அவருடையது. காலையில் சட்டை போடுகிறாரோ இல்லையோ, வண்டியைத் துடைத்துவிடுவார். "என் டேங்க்ல சோறு போட்டுத் திங்கலாம்டா" என்பார். பச்சைமுத்து, கோவிந்தப்பா எல்லாரும் அதை நம்பினார்கள். நம்பாமல் என்ன, மனுஷன் அவ்வளவு சத்தமாகச் சொல்வார்.

சொல்லாத ஒன்றும் இருந்தது. டீசல் விலை எகிறிய மாசங்களில், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, ரேஷன் மண்ணெண்ணெயைத் துருப்பிடித்த டின்னிலிருந்து டேங்கில் கலந்து ஊற்றியிருந்தார். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை. அவர் மனைவி சரசுவுக்கு மட்டும்தான் அது தெரியும்.

இரண்டாயிரத்து நாலில் சாந்தகுமாரி ஸ்டாண்டுக்கு எதிரே தகர ஷெட் போட்டாள். அதே தெருக்காரி, ஊதுபத்தி கம்பெனியில் வேலை பார்த்தவள். தேவனஹள்ளிப் பக்கம் ஒரு விவசாயிகள் சங்கத்தார் புங்கங்கொட்டையை ஆட்டி, டீசல் வண்டிக்கு ஆகும்படி சுத்தம் செய்து கொடுத்த எண்ணெயை வாங்கி விற்க ஆரம்பித்தாள். கன்னடத்தில் ஹொங்கே எண்ணெய் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். டீசலைவிட விலை கொஞ்சம் கம்மி, புகையும் கம்மி. ஆனாலும் யாரும் கிட்டப் போகவில்லை. எல்லார் கண்ணும் இளங்கோவன் மேல் இருந்தது.

அவர் போனார். ரிச்சர்ட்ஸ் டவுன் தாய்மார்களுக்குப் புகை இல்லாத வண்டி என்றால் பிடிக்கும் என்று ஒரு கணக்கு.

"அண்ணா, முதல்ல டேங்க்க இறக்கிக் கழுவிடுங்க. இந்த எண்ணெய் பழைய கசடையெல்லாம் கரைச்சுக்கினு வந்துரும். ஃபில்டர் அடைச்சுக்கும்" என்றாள் சாந்தகுமாரி.

ஸ்டாண்டே பார்த்துக்கொண்டிருந்தது. கழுவுகிறேன் என்றால் உள்ளே அழுக்கு இருக்கிறது என்று ஒத்துக்கொண்ட மாதிரி.

"யார் டேங்க்கப் பாத்து என்னம்மா பேசற? ஊத்து ஊத்து" என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். அவள் ஊற்றினாள். அவர் பின்னாலேயே பச்சைமுத்து வந்தார், கோவிந்தப்பா வந்தார். ஷெட்டில் வரிசை நின்றது.

பரீட்சை நாள் ஒன்றில், பூங்கா பக்கத்தில், வேன் இரண்டு குலுக்கு குலுக்கி நின்றுபோனது. உள்ளே பிள்ளைகள் கூச்சல். எதிர் வீட்டு அன்னம்மாள் டீச்சர், தன் மகளும் அந்த வேனில் இருந்ததால், வீட்டு கேட்டைத் திறந்துகொண்டு ஓடிவந்தார்.

"என்னப்பா இளங்கோ, வண்டிய சுத்தமா வெச்சிருக்கேன்னு சொல்லுவியே?"

அந்த ஒரு கேள்வி போதும். அவர் காது மடல் சூடாகிவிட்டது.

"நான் என்னம்மா பண்ணட்டும். எண்ணெய்ல கலப்படம் பண்ணிக் குடுத்துட்டா அந்தப் பொம்பள."

வாயிலிருந்து வந்துவிட்டது. வந்ததை விழுங்கியிருக்கலாம். மத்தியானம் ஸ்டாண்டில் அதையே இன்னும் பெரிதாகச் சொன்னார். "எல்லாரும் உஷாரா இருங்கப்பா" என்று வேறு சேர்த்துக்கொண்டார். "ஹௌதா குரு, அப்படியா!" என்று கோவிந்தப்பா வாயைப் பிளந்தார். மற்ற வண்டிகள் ஒன்றுகூட நின்றதில்லை என்பதை யாரும் யோசிக்கவில்லை. இளங்கோவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

மறுநாள் சாந்தகுமாரி ஸ்டாண்டுக்கே வந்தாள். கையில் அட்டைப்பெட்டி பிரிக்காத புது ஃபில்டர்.

"அண்ணா, எங்க தப்பாச்சுன்னு எனக்குப் புரியல. டிரம்ல ஏதாச்சும் விழுந்துச்சோ என்னவோ. மன்னிச்சுக்கங்க. இத மாட்டிக்கங்க, பாவம் புள்ளைங்க நடு ரோட்ல நின்னுச்சாம்."

எல்லாரும் பார்க்க நீட்டினாள். எல்லாரும் பார்க்க அவர் வாங்கிக்கொண்டார். அடப்பாவி மனுஷா, அப்போதாவது வேண்டாம் என்று சொல்லியிருக்கக் கூடாதா! அன்று ராத்திரி சோற்றைப் பாதியில் தள்ளிவைத்தார். சரசு தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

வரிசை நின்ற ஷெட்டில் பிறகு காக்காய்கூட உட்காரவில்லை. எல்லா வண்டியும் பழையபடி பெட்ரோல் பங்க்குக்கே போனது. இளங்கோவனும் டீசலுக்குத் திரும்பினார். சாந்தகுமாரி ஷெட்டைப் பூட்டிவிட்டுத் திரும்ப ஊதுபத்தி கம்பெனிக்குப் போக ஆரம்பித்தாள்.

அப்புறம் ஒருநாள் வேன் மறுபடி குலுக்கியது. டேங்கில் இருந்தது சுத்தமான பங்க் டீசல். குறை சொல்ல ஒரு பொம்பளையும் இல்லை. அவள் கொடுத்த ஃபில்டரைக் கழற்றினார். உள்ளே தார் மாதிரி அப்பியிருந்தது. வீட்டுக்குப் பின்னால் டேங்க்கை இறக்கி, சரசு துணி அலசும் வெள்ளை டப்பில் கவிழ்த்தார். கறுப்புக் கூழும் துருவுமாக விழுந்துகொண்டே இருந்தது. பரணில் அவளிடம் வாங்கிய எண்ணெய் ஒரு கேன் மிச்சம் இருந்தது. வெயிலில் பிடித்துப் பார்த்தார். அடியில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை.

"இப்பதான் தெரியுதா?" என்றாள் சரசு.

தெரியாமல் இல்லை. பூங்கா பக்கத்தில் வாயைத் திறந்தபோதே பாதி தெரியும். அதுதான் அவரைத் தின்றது.

சாயங்காலம் சாந்தகுமாரி வீட்டு வாசலில் நின்றார். உள்ளே வாங்க என்றதற்கும் போகவில்லை. தலையைக் குனிந்துகொண்டு மண்ணெண்ணெய்க் கதையை முழுக்கச் சொன்னார். "உன் எண்ணெய் நல்லாத்தாம்மா இருந்துச்சு. அழுக்கு என்னுது."



"எங்கிட்ட மட்டும் சொல்றீங்களேண்ணா. அன்னைக்கு எல்லார் முன்னாடியும்தானே சொன்னீங்க?"

அவருக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

மறுநாள் காலை பிள்ளைகளை இறக்கிவிட்டு, அந்த வெள்ளை டப்பை அப்படியே ஸ்டாண்டின் நடுவில் வைத்தார். பச்சைமுத்து குனிந்து பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாது இது, சாக்கடையா?"

"என் டேங்க்ல இருந்து வந்தது. வருஷக்கணக்கா கிருஷ்ணாயில் கலந்து ஊத்தினேன். சாந்தா கழுவச் சொல்லிச்சு, நான் கழுவல. கலப்படம் பண்ணவன் நான்தான்."

யாரோ சிரித்தார்கள். "சோறு போட்டுத் திங்கலாம்னியே இளங்கோ!" என்றார் கோவிந்தப்பா. பிறகு சிரிப்பும் நின்றது. பாதிப் பேர் வேறு பக்கம் பார்த்தார்கள். எப்போதாவது கொஞ்சம் கலந்தவர்களுக்கு அவரவர் டேங்க் தெரியும்.

கம்பெனி பஸ்ஸுக்குப் போகிற வழியில் சாந்தகுமாரி வந்தாள். கூட்டம் விலகியது. அவள் டப்பைப் பார்த்தாள்.

"ஷெட்ட மறுபடி திறம்மா. முதல் கேன் எனக்கு" என்றார் இளங்கோவன்.

"டிரம் எல்லாம் சங்கத்துக்கே திருப்பிக் குடுத்தாச்சுண்ணா. அவங்க வேற ஊர்ல யாருக்கோ குடுத்துட்டாங்க."

போக எடுத்து வைத்த காலை நிறுத்தித் திரும்பினாள்.

"நான் குடுத்த ஃபில்டர்?"

"அதுவும் அடைச்சுப் போச்சும்மா."

"அப்ப புதுசு ஒண்ணு வாங்கி மாட்டிருங்க. புள்ளைங்க ஏர்ற வண்டி" என்று சொல்லிவிட்டு, பஸ் வந்துவிட்டதால் ஓடினாள். இளங்கோவன் டப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார். எந்த எண்ணெய் ஊற்றலாம் என்று அவரிடம் அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.