ரசீது கேட்காத மோட்டார்

போன வாரம் திருவொற்றியூரில் ஒரு நாட்டு மருந்துக் கடை வாசலில் கடுக்காய்க்காக நின்றேன். கடைக்காரர் வெட்டிவேர்க் கட்டின்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். அந்த வாசனை மற்றவர்களுக்குப் பானைத் தண்ணீரை நினைவூட்டும். எனக்கு விசாரணை அறை ஞாபகம் வந்தது. மூக்கு முறைப்படி நடக்கும் உறுப்பு அல்ல.

எண்ணூர் போகும் வழியில் இருந்த ஓர் ஆலையில் உதிரிபாகக் கிடங்கு என் பொறுப்பு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சித்திரையில் உள்ளே உட்கார்ந்தால் இட்லியின் கஷ்டம் புரியும். மின்விசிறி கேட்டு மூன்று பிரதிகளில் மனு போட்டேன். மின்பிரிவு மூன்றையும் பத்திரமாக வைத்திருந்தது. அப்போதுதான் ஃபிட்டர் டில்லி வழி சொன்னான்.

"இன்னா நைனா, கரண்டு கேட்டாதானே பேஜாரு? சூரியனை எவன் கேக்கப் போறான்?"

டில்லி பதினெட்டு வருடம் என் டிபன் பாக்ஸில் கைவைத்தவன். அவன் வீட்டு வஞ்சிரக் குழம்புக்காக என் எலுமிச்சைச் சாதத்தை அவன் பக்கம் தள்ளிவிடுவேன். அவனும் நல்ல மனதோடு சாப்பிடுவான்.

காவலாளி கூண்டிலிருந்து கழித்துப்போட்ட சோலார் தகடுகள் இரண்டைப் பட்டியலில் ஏற்றி, கையெழுத்து வாங்கி, சீட்டுப் போட்டு எடுத்தேன். நீல டிரம்மில் மூன்று ஜன்னல் வெட்டி, கம்பிவலைக்குள் வெட்டிவேரைத் திணித்தோம். கார் கண்ணாடி கழுவும் குட்டிப் பம்பு வேரில் தண்ணீரைச் சொட்டவிடும். நான்காவது பக்கத்து விசிறி, ஈரவேர் வழியாகக் காற்றை இழுத்து முகத்தில் விடும். டிரம்முக்குச் சீட்டு, பம்புக்கு ரசீது. விசிறி மோட்டாருக்கு மட்டும் எதுவும் இல்லை.

"புதுப்பேட்டை பழைய சாமான் கடைல நம்ம தோஸ்து குடுத்தான் நைனா. பில்லு கேட்டா காறித் துப்புவான்."

ரசீதில்லாமல் ஒரு போல்ட்டைக்கூட உள்ளே விடாதவன் நான். டில்லி என்பதால் விட்டேன்.

காலை பதினொன்று வரை சொர்க்கம். கடற்காற்று திரும்பியதும் கிடங்கு ஈரத்துணி உலர்த்தும் அறையாகிவிடும். அனல்மின் நிலையத்துச் சாம்பல் வேறு ஈரவேரில் வந்து படியும். இரண்டு நாள் கழுவாவிட்டால் சிமென்ட். டில்லி தினமும் கழுவினான். என்னைக் கிட்டேயே விடமாட்டான். அதற்கு நட்பு என்று பெயர் வைத்திருந்தேன்.

ஓய்வுபெற நான்கு மாதம் இருந்தபோது, இருப்பைச் சரிபார்க்க ஓர் அதிகாரி வந்தார். ஃபோர்க்லிஃப்ட் விசிறி மோட்டார் ஒன்று குறைந்தது. இரண்டு முறை எண்ணிக் களைத்துப்போய், எங்கள் குளிரூட்டியின் முன் உட்கார்ந்தார்.

"நல்லாயிருக்கே! யார் ஐடியா சார்?"

"என்னுடையதுதான்" என்றேன், கொஞ்சம் நிமிர்ந்து.

ரசித்தபடியே டிரம்முக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். மோட்டாரின் முதுகில் எங்கள் கிடங்கு எண்.

விசாரணையில் டில்லி என் முகத்தைப் பார்க்கவில்லை. "சார்தான் எடுத்துக் குடுத்தாரு. மாட்டச் சொன்னாரு. மாட்டினேன்." பதினெட்டு வருடத்தில் அன்றுதான் அவனுக்கு நான் சார் ஆனேன். குறுக்கு விசாரணை செய்ய எனக்கு உரிமை உண்டு. எந்த விதி என்பதும் தெரியும். கேள்வி எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு சைக்கிள் கொட்டகையில் அவனைப் பிடித்தேன்.

"ஏண்டா டில்லி?"

"நீ வூட்டுக்குப் போகப்போற ஆளு நைனா. உன்னை இன்னா பண்ணுவாங்க? எனக்கு இன்னும் பத்து வருசம் சர்வீஸ் கீது. பொண்ணு வேற கல்யாணத்துக்கு கீது."

"முன்னாடியே கேட்டிருந்தா நானே ஏத்துக்கிட்டிருப்பேனேடா."

"கேட்டா நீ ரூல் பேசுவ."

கண்டனக் கடிதத்தோடு விட்டார்கள். ஓய்வுபெறுபவரை மாலை போட்டு, மேளம் அடித்து, வேனில் வீடுவரை கொண்டுவிடுவது எங்கள் ஆலை வழக்கம். கண்டனம் வாங்கியவனுக்கு யார் மேளம் பிடிப்பது? நான் பஸ்ஸில் போனேன். உட்கார இடமும் கிடைக்கவில்லை.

டில்லி காப்பாற்றிக்கொண்ட பத்து வருடத்தில் மூன்றைத்தான் ஆலை அவனுக்குக் கொடுத்தது, பிறகு மூடிவிட்டார்கள். சந்தோஷப்பட்டுப் பார்த்தேன், ஒட்டவில்லை. கிடங்கு இருந்த இடத்தில் இப்போது கன்டெய்னர்கள் நிற்கின்றன. பழைய கோப்புகளைப் பட்டியலிட்ட பிறகே அழிக்க வேண்டும் என்பது விதி. பட்டியலே போடாமல் மொத்தத்தையும் லாரியில் ஏற்றிப் பழைய பேப்பருக்குப் போட்டார்களாம். நான் திருடினேன் என்று சொல்லும் தாள் இன்று எங்கும் இல்லை. திருடவில்லை என்று தெரிந்த ஒரே ஆள் விம்கோ நகரில் இருக்கிறான். அவன் போன் நம்பரும் மாறிவிட்டது.