திங்கட்கிழமை திறந்த பாட்டில்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் சேர்ந்து தண்ணீர் வடிகட்டினார்கள். குசுமாவதி குடத்தின் வாயில் நாலாய் மடித்த துணியைப் பிடித்துக்கொள்ள, மகள் கனகலதா வாளியைச் சாய்த்தாள். இடப்பக்கம் துணி நழுவியிருந்தது. அம்மாவுக்கு இடது கண் இருந்த இடத்தில் இப்போது வெறும் பள்ளம். மகள் பேசாமல் துணியை இழுத்துவிட்டாள்.

"நழுவிடுச்சா? சொல்றதுக்கென்ன? எனக்குக் கண்ணு போச்சு, உனக்கு வாயுமா போச்சு?"

வடிகட்டிய தண்ணீரைக் குசுமாவதி காய்ச்சுவாள். காய்ச்சியதும் மறுநாள் காலை வரைதான். மீந்ததை மறுபடி காய்ச்சக் கூடாது, கொட்டிவிட வேண்டும். ஜைனக் குடும்பத்தில் பிறந்தவளுக்கு இதை யாரும் விளக்கியதில்லை. 1974இல் கணவர் போனபின் திருவண்ணாமலையில் ஒரு தனியார் கண் ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்தாள். அங்கேயும் அதே வழக்கம்தான். ஆபரேஷனில் கண்ணைக் கழுவும் சலைன் பாட்டில் முந்தின நாள் திறந்ததாக இருந்தால் சாக்கடையில் ஊற்றிவிடுவாள்.

"இது ஆஸ்பத்திரி, உங்க கோயில் இல்ல," என்பார் டாக்டர் சக்கரபாணி. "ஆசாரத்த வீட்டுல வெச்சுக்குங்க."

"தண்ணிக்கு எந்த இடம்னு தெரியாதுங்க."

பத்து வருஷம் இப்படிக் கொட்டினாள். 1984 ஆவணியில் அவளுக்கே கண்புரை ஆபரேஷன். டேபிளில் அவள் படுத்திருந்ததால் அன்று கொட்ட ஆளில்லை.

"புதுசா தெறந்ததாப்பா?" என்று கம்பவுண்டர் வேணுவைக் கேட்டாள்.

"ஆமா ஆயா, பேசாம படுங்க."

பாட்டில் திங்கட்கிழமை திறந்தது. ஆபரேஷன் புதன்கிழமை.

மூன்றாம் நாள் கண்ணில் சீழ். வலியில் முனகிக்கொண்டே, இன்னொரு ஆயாவான தனத்தை அனுப்பி, அலமாரியில் பாதியாக நின்றிருந்த அந்தப் பாட்டிலை எடுத்துவரச் சொன்னாள்.

கனகலதா வேலூரில் லேப் டெக்னீஷியன். சீழையும் பாட்டிலையும் கொண்டுபோய்ப் பரிசோதித்தாள். இரண்டிலும் ஒரே கிருமி. கிருமியை வளர்த்த தட்டில் ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தின் வில்லையை வைத்தாள். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றி வெற்று வட்டம் விழும். விழவில்லை. கிருமி வில்லையின் விளிம்பு வரை வளர்ந்திருந்தது. வளராமல் என்ன செய்யும்? அந்த ஆஸ்பத்திரியில் பாட்டிலைக் கொட்ட மாட்டார்கள். அதற்குப் பதில், வருகிறவர்களுக்கெல்லாம் தேவையோ இல்லையோ அதே ஜென்டாமைசின் ஊசியைப் போடுவார்கள். வருஷக்கணக்கில் கிருமியை அந்த மருந்துக்குப் பழக்கியிருக்கிறார்கள். அம்மாவுக்கும் அதையே போட்டார்கள். ஏழாம் நாள் கண்ணை எடுத்தார்கள்.

"விதிம்மா," என்றார் சக்கரபாணி. அந்த விதியைக் கனகலதா தட்டில் வளர்த்துப் பார்த்திருந்தாள்.

கையெழுத்துப் போட்ட பரிசோதனை ரிப்போர்ட்டோடு அவள் ஊருக்கு வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

"அந்தாளு மூஞ்சியில வீசிட்டு வரேன்."

"நீ கத்துவ, அவரும் கத்துவாரு. பேப்பர யாரும் படிக்க மாட்டாங்க. நான் குடுக்கறேன். வியாழக்கிழமை அங்க பாஞ்சாலைக்கு ஆபரேஷன், அதுக்குள்ள அவர் படிக்கணும்." பாஞ்சாலை எதிர்வீட்டுக்காரி.

செவ்வாய்க்கிழமை காலை குசுமாவதி மஞ்சள் பையோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். செங்கம் சாலையைக் கடக்கும்போது பஸ் இடப்பக்கமிருந்து வந்தது.

புதன்கிழமை தகனம் முடிந்தது. வந்தவர்கள் எல்லோரும் விதி என்றார்கள். பாஞ்சாலை கனகலதாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நாளைக்கு எனக்குக் கண்ணு ஆபரேஷன். உங்கம்மா கூட வரேன்னு சொல்லியிருந்தாங்க தாயி."

போலீஸ்காரர் கொடுத்த அம்மாவின் மஞ்சள் பை கனகலதாவின் மடியில் இருந்தது. அதில் துவைத்து மடித்த வடிகட்டும் துணி. துணிக்குள் ரிப்போர்ட், மடிப்புக் கலையாமல்.