தலையணையின் வாக்குமூலம்

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள்: வீட்டுக்குச் சொந்தக்காரரான பெரியவர். அவர் மனைவி. பெரியவரின் தங்கை. சிரிப்பதற்கென்றே வந்திருந்த அவருடைய நண்பர்கள் நாலு பேர். சமையல்காரம்மா. எங்கள் நாடகக் கம்பெனி மேனேஜர். ஒரு பிணம்.

பிணம் நான்தான்.

இது நடந்தது. நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நம்ப வைக்க எனக்கு யாரும் கூலி தரவில்லை.

எங்கள் தொழில் இதுதான். ஊருக்கு வெளியே பெரிய வீடு வைத்திருப்பவர்கள் கூப்பிடுவார்கள். போவோம். விருந்தில் ஒரு கொலை நடக்கும். மேனேஜர் ஒட்டுமீசை வைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டராக வருவார். விருந்தாளிகள் துப்பறிவார்கள், கடைசியில் பிணத்திடமே கேள்வி கேட்பார்கள், சிரிப்பார்கள். நான் படிப்பைப் பாதியில் விட்டவன். ஒரு கிடங்கில் இரவு வேலை பார்த்து, அங்கே தூங்கியதற்காகத் துரத்தப்பட்டவன். அசையாமல் கிடக்க என்னைவிட நல்ல ஆள் கிடைக்காது.

பெரியவருக்கு அந்த வீட்டை எங்கள் கம்பெனிக்கே குத்தகைக்கு விட ஆசை. வாராவாரம் கொலை, வாராவாரம் கூட்டம். அன்று வெள்ளோட்டம். நன்றாக நடந்தால் ஒப்பந்தம். ஒப்பந்தம் ஆனால், அங்கே தனியாகக் குடியிருந்த தங்கை பெட்டியைக் கட்ட வேண்டும். இதை அவள் எதிரிலேயே பேசினார்கள், பழைய அலமாரியை எங்கே தள்ளுவது என்று பேசுகிற மாதிரி.

"டேய் பிணம், அந்த நாற்காலியை இப்படிப் போடு," என்றார் பெரியவர். நாள் முழுக்க எனக்கு அதுதான் பெயர்.

கூடத்தை ஒட்டிய அறையை எனக்குக் காட்டினார். இரும்புக் கட்டில். மருந்து நெடி.

"என் தம்பி மூணு வருஷம் படுத்துக் கிடந்த கட்டில். போன வருஷம் போய்ட்டான். உனக்குப் பொருத்தமா இருக்கும்."

நண்பர்கள் சிரித்தார்கள். தங்கை சிரிக்கவில்லை.

சாயங்காலம் விரிப்பை மாற்றுகிற சாக்கில் அவள் வந்தாள். நாற்பதைத் தாண்டியவள். ஆளைத் தூக்கித் தூக்கித் தோள் இரண்டும் முன்னால் வளைந்திருந்தன.

"தம்பி, ஒரு உதவி."

"சொல்லுங்கக்கா."

"என் சின்னண்ணனுக்குப் பேச்சு வராது. ஒரு கைதான் அசையும். கட்டில் கம்பியில தட்டுவான். ஒரு தட்டுன்னா ஆமா. ரெண்டு தட்டுன்னா இல்ல. அப்படித்தான் நாங்க பேசிக்கிட்டோம்."

"சரி."

"சாப்பாட்டுக்கப்புறம் பிணத்துக்கிட்ட எல்லாரும் கேள்வி கேப்பாங்கல்ல? நான் கேக்கறப்ப நீங்க அதே மாதிரி தட்டணும். கொன்னது பெரியண்ணனான்னு கேப்பேன். ஒரே ஒரு தட்டு. எல்லார் முன்னாடியும்."

"நெஜமாவே அவரா?"

அவள் விரிப்பின் ஓரத்தை இழுத்து இழுத்துச் சொருகினாள்.

"இந்த வீட்டை விட்டா எனக்குப் போக்கிடம் இல்ல தம்பி."

அது பதில் இல்லை. எனக்கும் அது தெரிந்தது. ஆனால் காலையிலிருந்து பிணம், பிணம் என்று கேட்டு எரிச்சலில் இருந்தேன். தட்டுகிறேன் என்றேன்.

ஏழு மணிக்குச் செத்தேன். சூப்பைக் குடித்துவிட்டுத் தொண்டையைப் பிடித்துக்கொண்டு விழ வேண்டும். விழுந்தேன். நண்பர்கள் தூக்கிப்போய்க் கட்டிலில் போட்டார்கள். ஒருவர் விலாவில் கிச்சுகிச்சு மூட்டினார். மேனேஜர் என்னைத் தலையோடு வெள்ளைத் துணியால் மூடிவிட்டுக் கதவைச் சாத்தினார். கூடத்தில் விசாரணை தொடங்கியது. இன்ஸ்பெக்டரின் மீசை சூப்பில் விழுந்திருக்க வேண்டும்; அப்படி ஒரு சிரிப்பு.

நான் மூச்சை அடக்கிப் பார்த்தேன். எப்போதும் செய்கிற பயிற்சிதான்.

நன்றாக அடக்கியிருந்தேன்.

ஆனால் துணி ஏறி இறங்கியது...

என் மூச்சு இல்லை. இடது காதுக்குப் பக்கத்தில். உள்ளே இழுத்தது. வெளியே விட்டது. மெத்தை அந்தப் பக்கம் சரிந்திருந்தது.

காற்று என்று சொல்லிக்கொண்டேன்.

ஜன்னல் மூடியிருந்தது.

மேனேஜர் வந்து துணியை நீக்கியபோது என் சட்டை நனைந்திருந்தது.

"என்னடா இது, பிணத்துக்கு வேர்க்குது? போய்ச் சாப்பிட்டுட்டு வா. அவங்களும் சாப்பிட உக்காந்துட்டாங்க."

எங்கள் வழக்கம் இது. இடைவேளையில் துணிக்கடியில் நீளமான தலையணை ஒன்றைப் படுக்க வைப்போம். பிணத்துக்கும் பசிக்குமே. விருந்தாளிகளுக்கு அது தெரியாது. தங்கைக்கும் தெரியாது.

சமையலறையில் நின்றபடியே ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டேன்.

டக்.

இரும்பில் விரல் தட்டுகிற சத்தம். தொடர்ந்து ஒரு நண்பரின் குரல்: "செத்துட்டியான்னு கேட்டேன்... ஆமாங்குது!"

தட்டோடு ஓடினேன்.

அவர்களுக்குப் பொறுமை இருக்கவில்லை. சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு அறையில் கூடியிருந்தார்கள். மேனேஜர் சுவரோடு ஒட்டி நின்றார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. கட்டிலின் தலைமாட்டில் தங்கை. ஒரு தட்டு ஆமா, ரெண்டு தட்டு இல்ல என்று அவள்தான் அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

"கொன்னது பெரியண்ணனா?"

டக். டக்.

அவள் பல்லைக் கடித்தாள். துணியை நோக்கிக் குனிந்தாள். "சரியா தட்டுங்க தம்பி. பெரியண்ணனா?"

டக். டக்.

"அண்ணியா?"

டக். டக்.

"அப்பாடா, நான் பொழைச்சேன்," என்றாள் பெரியவர் மனைவி.

ஒரு நண்பர் கண் சிமிட்டினார். "வேற யாரு? தங்கச்சி, நீதானா?"

டக்.

காத்திருந்தோம்...

ஒன்றுதான்.

எல்லோரும் கை தட்டினார்கள். அவள் திரும்பினாள். வாசலில் என்னைப் பார்த்தாள். என் கையில் தட்டு. வாய் நிறைய ரொட்டி.

மேனேஜர் துணியை இழுத்தார்.

தலையணை. அதன் நடுவில் ஒரு பள்ளம்.

கைதட்டல் இரண்டு மடங்கானது. "எப்படிய்யா செஞ்சீங்க? பிரமாதம்!" பெரியவர் மேனேஜரின் முதுகில் தட்டினார். "நாளைக்கே கையெழுத்துப் போட்டுடலாம்." மேனேஜர் இன்னும் தலையணையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் "சரிங்க சார்" என்றார். வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

எல்லோரும் மறுபடி சாப்பிடப் போனார்கள்.

நான் சமையலறைக்கு வந்தேன். சமையல்காரம்மா பாத்திரத்தைப் பார்த்தபடி தாழ்ந்த குரலில் பேசினார்.

"சின்னவரு போன அன்னிக்குப் பெரியவரும் அவர் சம்சாரமும் ஊர்லயே இல்ல தம்பி. தங்கச்சியம்மா மட்டும்தான்."

"என்ன ஆச்சு?"

"மூணு வருஷம். ஒருத்தர் ஒரு நாள் வந்து மாத்தி விடல. ராத்திரியெல்லாம் தட்டுவாரு. தண்ணி வேணும், திரும்பிப் படுக்கணும்... அன்னிக்கு ஒரு ராத்திரியாவது தூங்கணும்னு வெளியில தாழ்ப்பாள் போட்டுட்டு மாடிக்குப் போயிட்டாங்க. காலையில நான்தான் திறந்தேன்."

நான் தட்டைக் கீழே வைத்தேன்.

"விரல் முட்டியில தோலே இல்ல."

"பெரியவருக்குத் தெரியுமா?"

"தெரியும். தூக்கத்துல போய்ட்டான்னு சொல்லுன்னாரு. நிம்மதியாத்தான் சொன்னாரு."

அவர் சட்டென்று நிறுத்தினார். நான் திரும்பினேன்.

அவள் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. எங்கள் இருவரையும் தாண்டிப்போய் ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்தாள்.

"தண்ணி கேட்டுத் தட்டிக்கிட்டே இருக்கான்," என்றாள்.

எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

கூடத்தின் வழியே நடந்தாள். நான் பின்னால் போனேன். பெரியவர், அவர் மனைவி, நாலு நண்பர்கள், மேனேஜர். எல்லோரும் மேஜையில் இருந்தார்கள். அந்தக் கதவுப் பக்கம் யாரும் இல்லை.

ஒரு சொட்டும் சிந்தாமல் தண்ணீரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கதவு சாத்திக்கொண்டது.

"அக்கா..." என்றேன்.

வெளிப்பக்கத்துத் தாழ்ப்பாள் அசைந்தது. துருப்பிடித்த தாழ்ப்பாள். யாரும் தொடவில்லை.

மேஜையில் சிரிப்பு நின்றது.

க்ரீச்...

நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெதுவாக, கடைசிவரை நகர்ந்து, பூட்டிக்கொண்டது.