காதர் பாயின் வேன் கேசட்

நாடா அறுந்தபோது காதர் பாய் என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார்.

தொலைபேசி டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றபின், புக்கிட் பெருவாங் ஊரில் என் வீட்டு முன்னறையில் பழைய கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறேன். என் டேப் டெக்கில் அதற்கு முன்பும் நாடா அறுந்ததுண்டு. ஆனால் இப்படி ஒரு கேசட் வந்ததில்லை.

பாய், ஜாசின் ஊருக்குப் பக்கத்து எஸ்டேட்டுகளில் வேனில் துணி விற்பவர். தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். உதட்டை அசைப்பார், சத்தம் வராது. மனைவி நூர்ஜஹான் அக்கா அதைப் படித்துச் சொல்வார். வேன் ஒலிபெருக்கிக்காக இளவயதில் பாய் பேசிப் பதிந்த கேசட் அது. அவர் குரல் வேறு எதிலும் இல்லை.

பூஞ்சையைத் துடைத்துவிட்டுத்தான் போட்டேன். இருந்தும் நாடா உருளையில் ஒட்டிக்கொண்டு பட்டென்று அறுந்தது. அவசரமாக டெக்கை நிறுத்தினேன்.

“சாரி பாய்” என்றேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்து, ஊசியால் தைப்பதுபோல் காட்டிச் சிரித்தார்.

“கிழிஞ்சா தச்சிக்கலாம், பதறாதீங்கன்றாரு தம்பி” என்றார் அக்கா.

அறுந்த முனைகளைச் சரிவாக வெட்டிச் சேர்த்து, மேலே ஸ்ப்ளைசிங் டேப் ஒட்டி, நாடாவை வேறொரு கேசட் கூட்டுக்குள் மாற்றினேன். மறுபடி ஓட்டினேன்.

“வாங்கம்மா வாங்க! கைலி, பாத்தேக், பாவாடைத் துணி!”

கணீரென்ற குரல். நடுவில் ஒரு வார்த்தை தடுமாற, பின்னால் ஒரு பெண் களுக்கென்று சிரிக்கிறாள். “சிரிக்காத புள்ள, ரெக்கார்ட் ஆவுது!” என்று அவர் அதட்டியதும் பதிவாகியிருந்தது. பாய் கண்ணை மூடிக் கேட்டார். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

“தடுமாறுனது, சிரிப்பு, இரைச்சல் எல்லாத்தையும் எடுத்துட்டு க்ளீனா தர்றேன் பாய். பிள்ளைங்க பத்திரமா வச்சிக்கலாம்” என்றேன்.

பாய் அவசரமாக வேண்டாமென்று தலையாட்டி உதட்டை அசைத்தார்.

“அதெல்லாம் இருக்கட்டுமாம். விலைய மட்டும் எடுத்துடணுமாம்.”

“விலையா?”

“அந்தக் காலத்து விலையச் சொல்லிக் கத்துதுலா! எஸ்டேட் ஜனங்க அதே விலைக்குக் குடுன்னு சண்டைக்கு வருவாங்க.”

“மறுபடியும் வேன்லயா போடப் போறீங்க?”

“பின்ன எதுக்குத் தம்பி? ஆபரேஷனுக்கு அப்புறம் ஹார்ன் அடிச்சுத்தான் யாவாரம். ஏதோ லோரின்னு நெனச்சு யாரும் வெளிய வர்றதில்ல.”

நான் பாயைப் பார்த்தேன். இழந்த குரலை நினைத்து அழ வந்த மனிதர் என்று எண்ணியிருந்தேன். அவரோ அதை வேலைக்கு அழைத்துப்போக வந்திருந்தார். விலை வந்த இடங்களை மட்டும் வெட்டி, பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன்.

சில வாரம் கழித்து ஜாசினில் பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் அந்தக் குரல் தூரத்திலேயே கேட்டது. பாய் கைலியை விரித்துப் பிடித்தபடி, ஒலிபெருக்கியோடு சேர்ந்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் கூட்டம்.

“என்னா பாய், கொரலு திரும்பி வந்துடுச்சா!” என்றார் துணி பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா.

பாய் கையை நீட்டி ஒலிபெருக்கியைக் காட்டினார். பிறகு, அதற்கெல்லாம் நேரமில்லை என்பதுபோல் ஒரு பாத்தேக் துணியை எடுத்து அந்த அம்மாவின் தோளில் போட்டு அழகு பார்த்தார்.

கேசட் கொண்டுவருகிறவர்கள் எல்லாரும் அதைப் பத்திரப்படுத்தத்தான் வருகிறார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். இப்போதெல்லாம் டெக்கில் போடுமுன், “இத எங்க போட்டுக் கேக்கப் போறீங்க?” என்று விசாரித்துவிடுகிறேன்.