கொழுந்தன் உயிர் கொடுத்த போன்

குடும்பத்து ஆளைப் பற்றி ஊரறிய எழுதுவதா என்று மூன்று வருடம் தயங்கினேன். இனி முடியாது.

என் கொழுந்தன் ராஜபாளையத்தில் மில்லுக்குப் போகிறவன். நாலு வீடியோ பார்த்துவிட்டுத் தன்னை இன்ஜினியர் என்று நினைத்துக்கொள்வான். என் வீட்டுக்காரரின் பழைய போனில், கம்பெனி தராத புது ஆண்ட்ராய்டு சாஃப்ட்வேர் ஒன்றை, எவனோ நெட்டில் போட்டதை, ஏற்றினான். "பாருங்க மதினி, செத்த போனுக்கு உயிர் குடுத்துட்டேன்" என்றான்.

அன்று வெள்ளிக்கிழமை, மணி பத்தரை. "ராகு காலத்துல மொதக் கால் பேச வேண்டாம்" என்று தடுத்த புத்திசாலி நான்தான். பேசிப் பார்க்காமலே அவர் சுந்தரபாண்டியம் தோட்டத்துக்குப் போனார். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளைச் சேவிக்க வரிசையில் நின்றேன்.

அவரிடமிருந்து நான்கு முறை அழைப்பு வந்தது. எடுத்தால் சத்தமே இல்லை. சட்டைப்பையில் அழுந்துகிறது என்று சலித்துக்கொண்டு நான்கு முறையும் வைத்துவிட்டேன். பாம்பு கடித்து வரப்பில் கிடந்து அவர் கத்தியிருக்கிறார். அந்தப் போன் ஒரு சொல்லைக்கூட அனுப்பவில்லை. மாடு மேய்க்க வந்தவர் பார்த்துத் தூக்கிப்போனதால் பிழைத்தார்.

ஆஸ்பத்திரியில் கொழுந்தன் கூசாமல் சொன்னான்: "மைக்குல சின்னக் கோளாறு மதினி. அடுத்த வெர்சன்ல சரியாயிரும்."

கட்டிலில் கிடந்தவர் கேட்டார்: "அம்புட்டு நாளு பாம்பு பொறுத்துக்கிடுமாலே?"

இப்போது அவரிடம் பட்டன் போன். ராகு காலமோ எமகண்டமோ, வாசலிலேயே ஒரு தடவை பேசிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறார். சத்தமில்லாத அழைப்பு வந்தால் சேவையை விட்டு ஓடுவேன். ஆண்டாள் கோபிக்க மாட்டாள்.

இதைப் பிறருக்குச் சொல்கிறவர்கள் எழுதியபடியே சொல்லுங்கள். அவனையும் நல்லவனாக்க வேண்டாம், என்னையும் வேண்டாம்.